விமானி ஆக எத்தனை மதிப்பெண் வேண்டும்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில் என் தொலைபேசி காலை பத்து மணியிலிருந்தே அடிக்கத் தொடங்கிவிடும். சென்னையில் விமானிப் பயிற்சி மாணவர்களுக்குத் தரைப்பாடம் நடத்துகிறவன் நான்; நேவிகேஷனும் வானிலையும் என் பாடங்கள். அழைப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். "சார், பையன் 600க்கு 412. பைலட் ஆக முடியுமா?" என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார். "பெண் 583 எடுத்திருக்கிறாள், நேரடியாக இடம் கிடைத்துவிடும் இல்லையா?" என்று இன்னொருவர் உற்சாகமாகக் கேட்பார். இருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: "என்ன குரூப்?" அதற்கடுத்து, "நிறங்களைச் சரியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறதா, கண் மருத்துவரிடம் சோதித்தீர்களா?" மதிப்பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாதது 583இன் தந்தைக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டச் சம்பளம் வாங்க வேண்டுமானால் வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., வேண்டும். அதைக் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். அதன் கல்வித் தகுதி விதி மிகச் சுருக்கமானது: இயற்பியலும் கணிதமும் எடுத்துப் பிளஸ் டூவில் தேர்ச்சி. சதவீதம் எதுவும் இல்லை. 35 எடுத்துத் தேறியவரும் 100 எடுத்தவரும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் மேசையில் ஒன்றுதான். வேதியியலில் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. பட்டப்படிப்பும் தேவையில்லை.

இந்தப் பதிலைக் கேட்டதும் 412இன் தந்தை நிம்மதிப் பெருமூச்சு விடுவார். அவசரப்பட வேண்டாம், மதிப்பெண் கணக்கில் வரும் இடங்கள் வேறு சில உண்டு. மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்க வேண்டிய படிப்பு கணக்கில் வரும் இடங்களோ இன்னும் அதிகம். வரிசையாகச் சொல்கிறேன்.

குரூப்பில்தான் முதல் சறுக்கல்

மதிப்பெண் குறைவால் விமானி ஆகாமல் போனவர்களைவிட, பதினொன்றாம் வகுப்பில் தவறான பிரிவை எடுத்ததால் தவித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணிதம்-உயிரியல், கணிதம்-கணினி அறிவியல் இரண்டில் எதுவானாலும் கவலையில்லை. கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் சேர்ந்த தூய அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இயற்பியல் இருக்கும், கணிதம் இருக்காது. நீட் எழுதிப் பார்த்துவிட்டு மனம் மாறி வருகிறவர்களில் பலர் இந்த ரகம். வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கு இரண்டுமே இருக்காது. அந்தப் பிரிவில் உள்ள வணிகக் கணிதத்தைக் கணிதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி எங்கேயும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

இதற்கு மாற்றுவழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசின் வாரியம். அதில் இயற்பியல், கணிதம் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் தனியாகப் பதிவுசெய்து எழுதித் தேறலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே மாதத்திலும் அக்டோபர்-நவம்பரிலும் நடக்கும். அதை டி.ஜி.சி.ஏ. ஏற்கிறது. வணிகவியல் பட்டம் வாங்கி, வங்கியில் நான்கு வருடம் வேலை பார்த்து, 26 வயதில் இந்த வழியில் வந்து உரிமம் வாங்கிய மாணவி ஒருவர் எனக்கு உண்டு. வகுப்பில் மற்றவர்களைவிட அவர்தான் கணக்கைச் சரியாகப் போடுவார். பிடிக்காமல் படித்த கணிதத்துக்கும் தேவைப்பட்டுப் படித்த கணிதத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இந்த விதியே தளரக்கூடும் என்ற பேச்சும் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதி வரை பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. அதன்பின்தான் இயற்பியலும் கணிதமும் கட்டாயமாயின. கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் மறுபடி கதவைத் திறந்துவிடலாம் என்ற யோசனை டி.ஜி.சி.ஏ.வில் இருப்பதாக 2025இல் நாளிதழ்களில் செய்தி வந்தது. செய்தியை நம்பிப் படிப்பை முடிவு செய்ய வேண்டாம். விதி மாறினால் டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய விதிதான் விதி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் படித்தால் விமானி ஆகலாம் என்று நம் ஊரில் ஆழமான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. அது விமானத்தை வடிவமைக்கிறவர்களின் படிப்பு. நான்கு ஆண்டுகள் அதைப் படித்து முடித்தாலும் ஒரு மணி நேரப் பறத்தல்கூட உங்கள் கணக்கில் ஏறாது. 'ஏவியேஷன்' என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் இளநிலைப் பட்டப்படிப்புகளும் அப்படியே. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. உரிமத்துக்கான வழி அவை இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

சதவீதம் கேட்கும் வாசல்கள்

உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்குப் பக்கத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் என்பதால் போட்டி கடுமை. அங்கே விண்ணப்பிக்கவே இயற்பியல், கணிதத்தில் 50 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஆனால் அந்த 50 உங்களை உள்ளே விடாது, வரிசையில் நிற்க மட்டும் விடும். அதன்பின் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பகுத்தறியும் திறன் ஆகியவற்றில் பிளஸ் டூ தரத்தில் நுழைவுத்தேர்வு, பிறகு நேர்காணல். பொதுத்தேர்வில் 95 வாங்கியவரும் 55 வாங்கியவரும் அந்த நுழைவுத்தேர்வை ஒரே கோட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

விமான நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டங்கள் அடுத்தவை. நிறுவனம் முதலிலேயே உங்களைத் தேர்ந்தெடுத்து, தான் சொல்லும் பள்ளியில் பயிற்சிக்கு அனுப்பும். செலவு பெரும்பாலும் உங்களுடையது. இங்கேயும் இயற்பியல், கணிதம், சில இடங்களில் ஆங்கிலம் ஆகியவற்றில் 50ஐ ஒட்டிய ஒரு வரம்பு இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பைப் பாருங்கள், போன வருடம் போனவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தனியார் பயிற்சிப் பள்ளிகளில் மதிப்பெண் ஒரு பொருட்டே இல்லை. சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் தொடங்கி மகாராஷ்டிரத்தின் பாராமதி வரை நாடு முழுவதும் இத்தகைய பள்ளிகள் இருக்கின்றன. தேர்ச்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் பணமும் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ப்பது எளிது என்பதால்தான் இங்கே மாணவர்கள் ஏமாறுவதும் எளிது. எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று கேட்காதீர்கள். இன்று எத்தனை பறக்கின்றன என்று கேளுங்கள். போன வருடம் சேர்ந்த ஒருவரைப் பிடித்து, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தார் என்று விசாரியுங்கள். கொட்டகையில் ஐந்து விமானம் நின்று, அதில் இரண்டுதான் பறக்கும் நிலையில் இருந்தால், 200 மணி நேரத்தை முடிக்க ஒன்றரை வருடத்துக்குப் பதில் மூன்று வருடம் ஆகும்.

விமானப்படை வழியாகப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வரி. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) தேர்வுக்கும் இயற்பியல், கணிதம் வேண்டும், வேதியியலும் வேண்டும், பயிற்சி இலவசம். ஆனால் அங்கே விமானியாகும் திறன் உண்டா என்று பார்க்கும் கருவிச் சோதனை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். பள்ளித் தேர்வுக்கு இருப்பதுபோலத் துணைத் தேர்வெல்லாம் அதற்குக் கிடையாது.

பணம் கட்டும் முன் மருத்துவம்

படிகள் என்று எழுதினால் முதல் படி இதுதான். மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை.

டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னையிலும் பிற நகரங்களிலும் இருக்கிறார்கள். முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, அதில் தேறியபின் முதல் வகுப்பு. பயணிகள் விமானத்துக்கு முதல் வகுப்புச் சான்றே வேண்டும். கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். முதல் வகுப்புப் பரிசோதனையை பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களிலும் செய்துகொள்ளலாம்.

கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்பது பழங்கதை. கண்ணாடியோடு 6/6 தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உண்மையான தடை நிறக்குருடு. புள்ளிப் புள்ளியாக அச்சிட்ட வட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். சிவப்பும் பச்சையும் குழம்புகிறவருக்கு அந்த எண் தெரியாது. ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருக்கிறது. பெரும்பாலோர் இருபது வயது வரை அதை அறிவதே இல்லை. பள்ளியில் முதலிடம் பிடித்த ஒரு மாணவர் பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டு, சீருடைக்கு அளவும் கொடுத்துவிட்டு, அதன்பின் இந்தச் சோதனைக்குப் போனார். பணம் திரும்பி வரவில்லை. பக்கத்துத் தெருக் கண் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் விமானத்துறை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அதற்குத் தனி விதிகளும் காத்திருப்புக் காலமும் உண்டு.

காகிதங்கள், அவற்றில் உள்ள உங்கள் பெயர்

அடுத்த படி டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதுவதற்கான கணினி எண் வாங்குவது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள் இங்கேதான் நிஜமாகப் பயன்படுகின்றன, ஆனால் மதிப்பெண்ணுக்காக அல்ல. பட்டியல் உண்மையானதுதானா என்பதற்கு உங்கள் கல்வி வாரியத்தின் சரிபார்ப்பு தேவைப்படும். தமிழ்நாட்டு வாரிய மாணவர்கள் இதற்குத் தேர்வுத்துறையில் விண்ணப்பிக்க வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி ஒன்று உண்டு: தலைப்பெழுத்து. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். கடவுச்சீட்டில் அது தந்தையின் முழுப் பெயராக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். தில்லியில் இருக்கும் கணினிக்கு மூன்று ஆட்கள். எழுத்துப்பிழை இருந்தாலோ இன்னும் மோசம். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்ற ஆவணங்களை அதற்கு ஒத்துவரும்படி திருத்திக்கொள்ளுங்கள். பத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கச் சொல்லும் நாளில் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நூற்றுக்கு நூறைவிட அது பெரிய உதவி.

35 அல்ல, 70

சி.பி.எல்.லுக்கு டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் முக்கியமானவை ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவை. எல்லாமே விடை தேர்ந்தெடுக்கும் வகை. தேர்ச்சிக்கு ஒவ்வொன்றிலும் 70 சதவீதம். பள்ளியில் 35ஐ எல்லைக்கோடாகப் பார்த்துப் பழகியவருக்கு இது முதல் அதிர்ச்சி. பள்ளியில் 95க்குக் குறையாதவருக்கு வேறு வகை அதிர்ச்சி காத்திருக்கிறது: புத்தகப் பின்பக்கக் கேள்விகளிலிருந்து இங்கே கேட்கமாட்டார்கள்.

583 எடுத்த மாணவி ஒருவர் நேவிகேஷனில் இரண்டு முறை 60களிலேயே நின்றார். சூத்திரம் எல்லாம் மனப்பாடம். ஆனால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்ற ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் அவருடைய அம்புக்குறி எதிர்ப்பக்கம் போய்விடும். மூன்றாம் முறை எழுதும் முன், வெள்ளைத்தாளில் படம் போடாமல் ஒரு கணக்குக்கும் விடை சொல்லக் கூடாது என்று தடை போட்டேன். 84 வாங்கினார். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வருகிற வெக்டர் கூட்டலின் முக்கோண விதிதான் அது, வேறொன்றும் இல்லை. விமானம் போக நினைக்கும் திசை ஒரு பக்கம், காற்று இன்னொரு பக்கம், உண்மையில் போய்ச்சேரும் பாதை மூன்றாம் பக்கம்.

பள்ளிப் பாடம் திரும்பி வரும் இடங்கள் இன்னும் சிலவற்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

சேலம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. மே மாத நண்பகல், 40 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது; அடர்த்தி குறைந்தால் இறக்கைக்கு ஏற்றுவிசை குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுத் திணறல். எவ்வளவு? தர அளவுப்படி கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1,000 அடிக்கு 2 டிகிரி குறையும். ஆகவே அங்கே 13 டிகிரி இருந்திருக்க வேண்டும்; இருப்பதோ 27 டிகிரி கூடுதல். கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் விமானம் சுமார் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதுபோலக் கணக்கு. 27ஐ 120ஆல் பெருக்கினால் 3,240, அதோடு 1,000. அதாவது, ஓடுபாதையில் நின்றுகொண்டிருக்கும் அந்தச் சிறிய விமானம் தான் 4,200 அடிக்கு மேல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஏற்காட்டு மலைப்பாதையில் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்ட உயரம். காலை ஆறு மணிக்கு எவ்வளவு தூரம் ஓடித் தரையைவிட்டு எழும்பியதோ, அதே தூரத்தில் நண்பகலில் எழும்பாது. இதற்கு வேண்டியது பெருக்கலும், 'சூடானால் விரியும்' என்ற ஒன்பதாம் வகுப்பு அறிவும்.

இறங்கும் கணக்கு இன்னும் எளிது. ஆயிரம் அடிகளில் உயரத்தை மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல்மைல் தொலைவில் இறங்கத் தொடங்க வேண்டும் என்று வரும். 35,000 அடி என்றால் 105 கடல்மைல், ஏறத்தாழ 195 கிலோமீட்டர். தெற்கிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் விருத்தாசலம் கீழே தெரியும்போதே விமானம் மூக்கைத் தாழ்த்த வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது? தரைவேகத்தை, நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), ஐந்தால் பெருக்குங்கள். 400 நாட் என்றால் 2,000 அடி. கணினி இதையெல்லாம் போட்டுக் கொடுக்கும். கணினி சொல்வது சரிதானா என்று மனக்கணக்கில் சரிபார்க்கிற ஆளுக்குத்தான் அந்த இருக்கை.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, நான் முதல் வகுப்பிலேயே பலகையில் போட்டுக் காட்டும் உதாரணம் 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. மாண்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குக் கிளம்பிய ஏர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அளவுகோல் கொண்டு அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும். தரைப் பணியாளர்களும் விமானிகளும் பழைய பழக்கத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள், அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். விடை 13,597 என்று வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். சரியாகப் போட்டிருந்தால் 20,088 லிட்டர் ஊற்ற வேண்டும். வழியில் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. கேப்டன் ஓய்வு நேரத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர் என்பதால், கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு ஓடுபாதையில் சறுக்கிக்கொண்டே இறக்கிவிட்டார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பலகையில் போட்டுப் பார்த்தால் ஏழாம் வகுப்புக் கணக்கு.

ஆகவே தேர்வுக்குத் தயாராகும்போது விலை உயர்ந்த வழிகாட்டி நூல்களை வாங்கும் முன் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியல். பதினொன்றில் வெக்டர், பெர்னோலி தேற்றம், வெப்பவியல். பன்னிரண்டில் புவியின் காந்தப்புலமும் காந்த ஒதுக்கமும். எல்லாவற்றையும்விட, யாருமே மதிக்காத சமூக அறிவியல். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, பருவக்காற்று, புயல் உருவாகும் விதம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்திய நேரத்துக்கு அடிப்படை 82½ டிகிரி தீர்க்கக்கோடு; 15 டிகிரிக்கு ஒரு மணி; வகுத்தால் ஐந்தரை. கிரீன்விச்சை விட நாம் ஏன் ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கிறோம் என்பதை இப்படிப் போட்டுக் காட்டும்போது, பொறியியல் முடித்து வந்தவர்கள்கூடப் புதிதாகக் கேட்பதுபோல் பார்ப்பார்கள்.

ஆங்கிலம், தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி

வானொலியில் பேசத் தனி அனுமதியும் அதற்கான தேர்வும் உண்டு. சர்வதேச அளவுகோலில் ஆங்கிலத் திறன் குறைந்தது நான்காம் நிலையில் இருக்க வேண்டும். இதற்குப் பள்ளியில் வாங்கிய ஆங்கில மதிப்பெண் உதவாது. காதும் வாயும் உதவும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்லி, அதன்படி செய்ய வேண்டும்.

மூன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 'ட்ரீ' என்று உச்சரித்ததற்காக வகுப்பில் சிரிக்கப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். விமான வானொலியில் 'ட்ரீ' என்பதே விதி. ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. இரைச்சலில் எண்கள் குழம்பாமல் இருக்க உலகமே ஒப்புக்கொண்ட உச்சரிப்பு அது. ஆங்கிலவழி மாணவர்கள்தான் தங்கள் 'த்ரீ'யை மறக்கக் கஷ்டப்படுவார்கள்.

பறக்கத் தொடங்கியபின்

பறத்தல் பயிற்சியில் மொத்தம் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக ஓட்டியது. 300 கடல்மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், இரவில் 5 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 10 மணி நேரம் ஆகியவையும் இதற்குள் அடங்கும். உரிமம் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கே மதிப்பெண் பட்டியலுக்கு வேலையே இல்லை. பக்கவாட்டுக் காற்றில் விமானத்தை ஓடுபாதைக் கோட்டில் நிறுத்தக் காலும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்; டிராக்டர் ஓட்டிப் பழகிய கிராமத்துப் பையன்களுக்கு இது சீக்கிரம் வசப்படுவதாகப் பறத்தல் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆராய்ச்சி முடிவு அல்ல, அனுபவப் பேச்சு.

மதிப்பெண்ணைவிடப் பலரை நிறுத்துவது பணம்தான். ஃபர்சத்கஞ்சில் அண்மை ஆண்டுகளில் பயிற்சிக் கட்டணம் மட்டுமே 45 லட்சம் ரூபாய். கேடட் திட்டங்கள் ஒரு கோடியை எட்டுகின்றன. கல்விக்கடன் கிடைக்கும், ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான மத்திய அரசின் மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைப் படிப்புகளில் வணிக விமானிப் பயிற்சியும் இருக்கிறது. மாவட்ட நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன், உரிமம் வேறு வேலை வேறு என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். உரிமம் வாங்கியபின் ஏர்பஸ் அல்லது போயிங் ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சிக்கும் லட்சங்கள் ஆகும். உரிமத்தோடு ஒன்றிரண்டு வருடம் காத்திருந்தவர்கள் உண்டு.

விமான நிறுவனத்தின் தேர்வில் எழுத்துத் தேர்வு, மனநிலைச் சோதனை, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் என்று பல கட்டங்கள். விண்ணப்பப் படிவத்தில் பத்து, பிளஸ் டூ சதவீதங்களை எழுதச் சொல்வார்கள். நேர்காணலில் அதைவிட அதிகம் கேட்கப்படுவது டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எத்தனை முறை எழுதினீர்கள் என்பதுதான். அந்த 412 மாணவர் இந்தக் கட்டம் வரை வந்துவிட்டார். பிளஸ் டூ கணிதத்தில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார்களாம். அந்த வருடம் தந்தைக்கு உடல்நிலை சரியில்லை, கடையை இவர்தான் பார்த்துக்கொண்டார். அதை அப்படியே சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வி, 36,000 அடியில் வருகிறீர்கள், தரைவேகம் 420 நாட், எங்கே இறங்கத் தொடங்குவீர்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி? காகிதம் தரவில்லை.

நீங்களும் காகிதம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். அவர் சொன்ன விடை 108 கடல்மைல், 2,100 அடி.